சிவந்தால் போதாது: ஈ.கோலியில் சைட்டோகுரோம் சி செய்வதும், ஹீம் ஒட்டியதா என்று சோதிப்பதும்

சென்ட்ரிஃபியூஜ் டியூபின் அடியில் பெல்லட் இளஞ்சிவப்பாகப் படிந்திருந்தால், எலக்ட்ரான் கடத்தும் ஹீம் புரதமான சைட்டோகுரோம் வந்துவிட்டது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். ஹீம் என்பது நடுவில் இரும்பு உட்கார்ந்த போர்ஃபிரின் வளையம். இரும்பு ஏறாத போர்ஃபிரின் சேர்ந்தாலும் அந்த நிறம் வரும். புரதத்துக்குள் சும்மா செருகி நிற்கும் ஹீமும் அதே நிறத்தைக் கொடுக்கும். சி-வகை சைட்டோகுரோம் என்று சொல்ல வேண்டுமானால், ஹீமின் இரண்டு வினைல் கைகளும் புரதத்தின் இரண்டு சிஸ்டீன்களின் கந்தகத்தோடு தயோஈத்தர் பிணைப்பாகச் சேர்ந்திருக்க வேண்டும். இந்தப் பிணைப்பைப் போட்டுத் தருவதற்கென்றே செல்லில் தனிப் புரதக் கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் யார் எந்த வேலையைச் செய்கிறார் என்று தெரிந்தால், சோதனை எங்கே சறுக்கியது என்பதை ஒரே ஜெல்லில் கண்டுபிடித்துவிடலாம்.

காலாப்பட்டு, கோரிமேடு, சிதம்பரம், பரங்கிப்பேட்டை ஆய்வகங்களில் புரதம் செய்யும் எம்.எஸ்சி., பிஎச்.டி. மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. நம் கடலோர வெக்கையும் ஈரக்காற்றும் சில படிகளைத் தனியாகக் கெடுக்கும். அவை வரும் இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

எந்த அமைப்பு எங்கே

ஹீமை ஒட்டும் இந்தப் புரதக் கூட்டம் மூன்று வகைப்படும், ஒவ்வொன்றையும் ஓர் அமைப்பு என்பார்கள். பாகூர் வயலில் ஒரு நெல் இலையைக் கிள்ளினால் இரண்டு அமைப்புகள் கையில் இருக்கும். இலையின் மைட்டோகாண்ட்ரியாவில் ஓடுவது முதல் அமைப்பு. ஈ.கோலி போன்ற காமா புரோட்டியோபாக்டீரியாவிலும் ஆல்ஃபா புரோட்டியோபாக்டீரியாவிலும் இருக்கும் அதே சிசிஎம் (சைட்டோகுரோம் சி மேச்சுரேஷன்) குடும்பம்தான் அது. அதே இலையின் பசுங்கணிகத்தில் ஓடுவது இரண்டாம் அமைப்பான சிசிஎஸ். நீலப்பச்சைப் பாசிகளிலும் கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்களிலும் இருப்பது இதுதான். இலையைக் கிள்ளிய ஆளின் மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது மூன்றாவது: ஹெச்சிசிஎஸ் என்ற ஒற்றைப் புரதம். பூஞ்சைக்கும் விலங்குக்கும் இதுவே. தாவர மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில் சிசிஎம்-பி, சிசிஎம்-சி, இரண்டாகப் பிரிந்த சிசிஎம்-எஃப் மரபணுக்கள் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கின்றன. பசுங்கணிக டிஎன்ஏவில் சிசிஎஸ்-ஏ இருக்கிறது. வேறு எதைக் கருவுக்கு அனுப்பினாலும் இவற்றைத் தாவரம் விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது நீங்கள் செய்ய நினைக்கும் புரதத்தைப் பொறுத்தது.

முதல் அமைப்பு தாராள மனசுக்காரன். சிஸ்டீன், ஏதாவது ஒன்று, ஏதாவது ஒன்று, சிஸ்டீன், ஹிஸ்டிடின் என்ற ஐந்தெழுத்து வரிசை இருந்தால் போதும், ஹீமை ஒட்டிவிடும். சுற்றியுள்ள மடிப்பைப் பற்றிக் கவலைப்படாது. சிறிய பெப்டைடிலும் ஒட்டும், பல ஹீம் உள்ள புரதத்திலும் ஒட்டும். பாக்டீரியா சைட்டோகுரோம் எதுவானாலும் இதில் தொடங்குங்கள். ஒரு விதிவிலக்கை நினைவில் வையுங்கள்: ஈ.கோலியின் நைட்ரைட் ரிடக்டேஸ் என்ஆர்எஃப்-ஏவில் ஓர் இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் லைசின் இருக்கிறது. அந்த ஒரு ஹீமை ஒட்ட என்ஆர்எஃப்-இ, எஃப், ஜி என்று தனி ஆட்கள் வேண்டும். சிசிஎம் மட்டும் இருந்தால் அந்த இடம் காலியாகவே நிற்கும்.

மூன்றாவது அமைப்பு பிடிவாதக்காரன். ஹெச்சிசிஎஸ் தன் மைட்டோகாண்ட்ரியா சைட்டோகுரோமின் முதல் ஹெலிக்ஸ் வரிசையைப் பார்த்துத்தான் கைவைக்கும். பாக்டீரியாவின் சைட்டோகுரோமைக் கொடுத்தால் ஏறெடுத்தும் பார்க்காது. ஆனால் மனித, குதிரை, ஈஸ்ட் சைட்டோகுரோம் சி செய்ய இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஈஸ்ட்டின் ஹெச்சிசிஎஸ் ஆன சிஒய்சி3 லையேஸ் மரபணுவையும் சைட்டோகுரோம் மரபணுவையும் ஒரே பிளாஸ்மிட்டில் வைத்தால் வேலை முழுக்க சைட்டோபிளாசத்திலேயே முடிந்துவிடும். புரதத்தை வெளியே அனுப்பும் முகவரித் துண்டான சிக்னல் பெப்டைட் வேண்டாம், உள்சவ்வுக்கும் வெளிச்சவ்வுக்கும் இடைப்பட்ட பெரிபிளாசத்தைப் பிரிக்க வேண்டாம். ஈஸ்ட்டில் சைட்டோகுரோம் சி-க்கு சிஒய்சி3, சி1-க்கு சிஒய்டி2 என்று இரண்டு லையேஸ்கள் உண்டு. நமக்கு இரண்டு வேலைக்கும் ஒன்றுதான். அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதானால் சிறுத்த கண்ணோடும் தோலில் கோடு கோடான குறையோடும் குழந்தை பிறக்கும் ஒரு நோய் வருகிறது.

இரண்டாம் அமைப்பை ஆரம்பத்தில் தொடாமல் இருப்பது நல்லது. ஹெலிகோபேக்டரில் சிசிஎஸ்-பி, சிசிஎஸ்-ஏ இரண்டும் ஒட்டி ஒரே பெரிய புரதமாக இருப்பதால், சிசிஎம் நீக்கிய ஈ.கோலியில் அதை வைத்துச் சைட்டோகுரோம் செய்ய முடியும் என்று செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ராபர்ட் கிரான்ஸ் குழு காட்டியது. சவ்வுப் புரதம் என்பதால் கையாளுவது கடினம். இனி வருவதெல்லாம் முதல் அமைப்பைப் பற்றியது.

எட்டுப் பேர் என்ன செய்கிறார்கள்

ஈ.கோலியில் சிசிஎம்-ஏ முதல் ஹெச் வரை எட்டு மரபணுக்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. ஹீம் சைட்டோபிளாசம் பக்கம் தயாராகிறது. ஒட்ட வேண்டிய இடமோ வெளியே, பெரிபிளாசத்தில். சவ்வில் இருக்கும் சிசிஎம்-சி ஹீமைப் பிடித்து, பெரிபிளாசத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிசிஎம்-இ கையில் கொடுக்கிறது. இங்கேதான் விசேஷம்: சிசிஎம்-இயின் 130ஆம் ஹிஸ்டிடினோடு ஹீம் தற்காலிகமாகக் கோவாலன்ட் பிணைப்பே போட்டுக்கொள்கிறது. இதை 1998இல் சூரிச் ஈடிஹெச்சில் லிண்டா தோனி-மேயர் குழு கண்டது. சிசிஎம்-சி, டி, இ மூன்றும் சேர்ந்து நிற்கும் அந்தக் கூட்டிலிருந்து ஹீம் ஏந்திய சிசிஎம்-இயை விடுவிக்க, சிசிஎம்-ஏவும் பியும் ஏடிபியைச் செலவழிக்கின்றன. விடுபட்ட சிசிஎம்-இ, சிசிஎம்-எஃப்பிடமும் ஹெச்சிடமும் போகிறது. அங்கே ஹீம் கைமாறி, காத்திருக்கும் சைட்டோகுரோமின் சிஸ்டீன்களோடு சேர்கிறது.

சிஸ்டீன்கள் காத்திருக்க வேண்டுமே, அதற்கு ஒரு தடை உண்டு. பெரிபிளாசத்தில் டிஎஸ்பி-ஏ என்ற என்சைம் கண்ணில் பட்ட இரண்டு சிஸ்டீன்களை டைசல்ஃபைடாகப் பூட்டிவிடும். பூட்டிய சிஸ்டீனில் ஹீம் ஏறாது. டிஎஸ்பி-டி உள்ளிருந்து எலக்ட்ரான்களை வெளியே கடத்த, சிசிஎம்-ஜியும் ஹெச்சும் அவற்றை வாங்கிப் பூட்டைத் திறக்கின்றன.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. சிசிஎம்-சி வேலை செய்யாவிட்டால் சிசிஎம்-இயில் ஹீம் இருக்காது. ஏ, பி, எஃப், ஜி, ஹெச்சில் எது பழுதானாலும் சிசிஎம்-இயில் ஹீம் இருக்கும், உங்கள் புரதத்தில் இருக்காது. சிசிஎம்-இயின் எடை சுமார் 18 கிலோடால்டன். ஹீம் சாயம் போட்ட ஜெல்லில் 18 பக்கம் பட்டை இருக்கிறதா இல்லையா என்று முதலில் பாருங்கள். தவறு அதற்கு முன்னாலா பின்னாலா என்று அங்கேயே தெரிந்துவிடும். இந்தப் பட்டையைத் தன் புரதம் என்று நினைத்து மகிழ்பவர்களும் உண்டு. உங்கள் சைட்டோகுரோமும் 15 முதல் 20 கிலோடால்டனுக்குள் இருந்தால் மிகவும் கவனம் தேவை.

பிளாஸ்மிட்டும் செல்லும்

காற்றோட்டத்தில் வளரும் ஈ.கோலி தன் சிசிஎம் மரபணுக்களை அணைத்து வைத்திருக்கும். ஆக்சிஜன் இல்லாதபோதுதான் இயக்கும். அதனால் எட்டு மரபணுக்களையும் எப்போதும் ஓடும் புரோமோட்டருக்குக் கீழே வைத்த பிஇசி86 பிளாஸ்மிட்டைச் சேர்க்க வேண்டும். 1998இல் வெளிவந்த இது பல ஆய்வகங்களில் கைமாறிக்கொண்டிருக்கிறது. குளோராம்ஃபெனிகால் எதிர்ப்பு உள்ளது, பிஏசிஒய்சி184இலிருந்து செய்தது. இந்தக் கடைசி விவரத்தை அலட்சியம் செய்தால் ஒரு மாதம் வீணாகும். ரோசெட்டா செல்லிலும் பிலைஸ்-எஸ் செல்லிலும் ஏற்கனவே அதே வம்சத்துப் பிளாஸ்மிட், அதே குளோராம்ஃபெனிகால் எதிர்ப்போடு இருக்கிறது. அவற்றுக்குள் பிஇசி86 போட்டால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். தட்டில் காலனி அழகாக வரும், ஆனால் எது உள்ளே இருக்கிறது என்று தெரியாது. சாதாரண பிஎல்21 டிஇ3 அல்லது சி43 டிஇ3 போதும்.

உங்கள் சைட்டோகுரோமைப் பெட்-22பி போன்ற ஆம்பிசிலின் பிளாஸ்மிட்டில், பெல்-பி சிக்னல் பெப்டைடுக்குப் பின்னால் ஒரே ஃபிரேமில் வையுங்கள். மரபணுவில் சொந்த சிக்னல் இருந்தால் அதை வெட்டிவிட்டுப் பெல்-பி போடுங்கள், இரண்டையும் விடாதீர்கள். ஹிஸ்டிடின் வால் கடைசியில்தான் இருக்க வேண்டும். முன்னால் வைத்தால் சிக்னலோடு சேர்ந்து வெட்டுப்பட்டுப் போய்விடும்.

பிஇசி86ஐ முதலில் ஏற்றி, அந்தச் செல்லையே காம்பிடன்ட் செல்லாக்கி வைத்துக்கொண்டால் பிறகு எத்தனை புரதத்துக்கும் உதவும். தட்டில் ஆம்பிசிலின் மில்லிக்கு 100 மைக்ரோகிராம், குளோராம்ஃபெனிகால் 34 மைக்ரோகிராம். குளோராம்ஃபெனிகாலை எத்தனாலில் கரையுங்கள், தண்ணீரில் சரியாகக் கரையாது. இரண்டு பிளாஸ்மிட் சுமக்கும் செல் என்பதால் காலனி சிறியதாகத்தான் வரும். காலனியைச் சுற்றிப் பொடிப்பொடியாகத் துணைக்காலனிகள் வந்தால் ஆம்பிசிலின் தீர்ந்துவிட்டது என்று பொருள். அவற்றைத் தொட வேண்டாம். எப்போதும் வெறும் பெட்-22பி சேர்த்த ஒரு தட்டும் உடன் போடுங்கள். அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் கீழே சொல்லும் எந்தச் சோதனைக்கும் மதிப்பில்லை. நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள்.

வளர்ப்பு

முந்தின இரவு 10 மிலி எல்பி மீடியாவில் இரண்டு ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்து ஒரு காலனியைப் போடுங்கள். மறுநாள் 1 லிட்டர் டூ-எக்ஸ்-ஒய்டி மீடியாவுக்கு அந்தப் பத்து மில்லியும் போகும். மீடியாவுக்கு டிரிப்டோன் 16 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 10 கிராம், உப்பு 5 கிராம். கடலோரத்துப் போர்வெல் தண்ணீரின் உப்பு இடத்துக்கு இடம் மாறும். காய்ச்சி வடித்த தண்ணீர் தவிர வேறு எதையும் மீடியாவுக்கு எடுக்காதீர்கள்.

2 லிட்டர் பிளாஸ்கில் 1 லிட்டர் நிரப்புங்கள். வேறு புரதத்துக்கு இப்படிப் பாதி நிரப்பினால் திட்டு விழும். இங்கே காற்று கொஞ்சம் குறைவாக இருப்பதுதான் நல்லது. 37 டிகிரியில் 180 சுற்றில், 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி (OD) 0.6 வரும் வரை வளர்த்து, 30 டிகிரிக்கு இறக்குங்கள். அப்போது சேர்க்க வேண்டியவை: ஹீமின் மூலப்பொருளான அமினோலெவுலினிக் அமில ஹைட்ரோகுளோரைடு 84 மிகி, அதாவது அரை மில்லிமோலார், ஃபெரஸ் சல்ஃபேட் 28 மிகி, புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜியின் 0.1 மோலார் கரைசல் 200 மைக்ரோலிட்டர். முதல் இரண்டையும் அன்றன்றைக்குக் கரைத்து ஃபில்டர் செய்யுங்கள். பழுப்பாக மாறிய ஃபெரஸ் கரைசலைக் கொட்டிவிடுங்கள். பிறகு 120 சுற்றில் 16 முதல் 20 மணி நேரம்.

ஐபிடிஜி கணக்கைப் பார்த்துச் சந்தேகம் வரலாம். வழக்கமாக 1 மில்லிமோலார் போடும் இடத்தில் இது 20 மைக்ரோமோலார்தான். தெரிந்தேதான் சொல்கிறோம். சைட்டோகுரோமை வேகமாக உற்பத்தி செய்தால் முதலில், புரதம் பெரிபிளாசத்துக்குப் போகும் செக் (Sec) வாசல் அடைத்துக்கொள்ளும். தாண்டி வந்ததும் ஹீமுக்காகக் காத்திருக்கும் காலிப் புரதத்தைப் பெரிபிளாசத்துப் புரோட்டியேஸ்கள் தின்றுவிடும். பாதி நேரம் ஐபிடிஜி போடாத பிளாஸ்கிலேயே அதிக ஹீம்-புரதம் வரும். முதல் முறை 0, 20, 100 மைக்ரோமோலார் என்று மூன்று 50 மிலி பிளாஸ்க் வைத்துப் பார்த்துவிட்டு லிட்டருக்குப் போங்கள்.

இனி நம் ஊர்ச் சங்கதி. சூடாக்க மட்டும் தெரிந்த ஷேக்கர் இன்குபேட்டர், அறை வெப்பத்துக்குக் கீழே இறங்காது. அக்னி நட்சத்திர நாட்களில் ஏசி இல்லாத அறையில் திரையில் 30 என்று அமைத்திருந்தாலும் உள்ளே 34, 35 ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்கில் தெர்மாமீட்டரை நிறுத்தி உண்மையான சூட்டைப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் குளிர்விக்கும் ஷேக்கருக்கு முறை வாங்குங்கள். அடுத்தது மின்சாரம். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும்போது சில ஷேக்கர்கள் தானாகத் திரும்ப ஓடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவு வளர்ப்பு வைப்பவர்கள் இதைக் கட்டாயம் சோதித்து வைத்திருக்க வேண்டும். நின்றுபோன பிளாஸ்கில் செல்கள் அடியில் படிந்து, காலையில் பார்த்தால் சிவப்பே இருக்காது.

பிஇசி86 கிடைக்கவில்லை என்றாலும் வழி உண்டு. மூடி வரை நிரப்பிய பாட்டிலில், ஆட்டாமல், கிளிசரால் 0.4 சதவீதம், ஃபியூமரேட் 40 மில்லிமோலார் கொடுத்து வளர்த்தால் ஈ.கோலி தன் சொந்த சிசிஎம்மை இயக்கும். மகசூல் குறைவு. அதோடு நேப்-பி, நேப்-சி, என்ஆர்எஃப்-ஏ என்று அதன் சொந்த சைட்டோகுரோம்களும் எழுந்து ஜெல்லில் குழப்பும்.

பெரிபிளாசத்தைப் பிரித்தல்

5,000 ஜியில் 15 நிமிடம் சுற்றிச் செல்லை எடுங்கள். டிரிஸ் 30 மில்லிமோலார் பிஹெச் 8, சுக்ரோஸ் 20 சதவீதம், இடிடிஏ 1 மில்லிமோலார், லைசோசைம் மில்லிக்கு 1 மிகி கலந்த பஃபர் 25 மிலியில் மெதுவாகக் கரைத்து, ஐஸில் 30 நிமிடம் வையுங்கள். வோர்டெக்ஸ் கூடாது. பிறகு 12,000 ஜியில் 20 நிமிடம். மேலே நிற்பது பெரிபிளாசம். அது தெளிந்த இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கொழகொழவென்று நூலாக வந்தால் செல் உடைந்து டிஎன்ஏ வெளியே வந்துவிட்டது. ஹிஸ்டிடின் வாலைப் பிடித்துப் புரதத்தைப் பிரிக்கும் நிக்கல் காலத்துக்கு (column) அனுப்பும் முன் இடிடிஏவை டயாலிசிஸ் செய்து நீக்குங்கள். இல்லாவிட்டால் காலத்தின் நிக்கலையே அது வழித்தெடுத்துவிடும். காலத்திலிருந்து எடுக்கும் இமிடசோலும் சில சைட்டோகுரோம்களின் இரும்பில் போய் உட்கார்ந்து ஸ்பெக்ட்ரத்தை நகர்த்தும். அளவு எடுப்பதற்கு முன்னால் அதையும் நீக்குங்கள்.

மூன்று சோதனை

முதலில் செலவில்லாத ஒன்று. ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.2 சதவீதம் கலந்து குளிர வைத்த அசிட்டோன் 10 மிலியில் 1 மிலி மாதிரியை ஊற்றி, ஐஸில் 10 நிமிடம் வைத்துச் சுற்றுங்கள். செருகி நின்ற ஹீம் அசிட்டோனில் கரைந்து வந்துவிடும். பிணைந்த ஹீம் வெள்ளைப் புரதத்தோடு அடியில் தங்கிச் சிவப்பாக நிற்கும். பாலிப்ரோப்பிலீன் அல்லது கண்ணாடிக் குழாய் மட்டும் பயன்படுத்துங்கள். பாலிஸ்டைரீன் அசிட்டோனில் உருகும். கூடவே ரூபாய் நோட்டு சரிபார்க்கும் புற ஊதா டார்ச்சை வளர்ப்புத் திரவத்தில் அடித்துப் பாருங்கள். செக்கச் செவேலென்று ஒளிர்ந்தால் அது போர்ஃபிரின். இரும்பு ஏறிய ஹீம் அப்படி ஒளிராது. அப்படி ஒளிர்ந்தால் அமினோலெவுலினிக் அமிலத்தைப் பாதியாக்குங்கள்.

அடுத்து ஹீம் சாயம். 15 சதவீத எஸ்டிஎஸ் ஜெல்லில் ஒரு லேனுக்கு 20 முதல் 30 மைக்ரோகிராம் புரதம். சாம்பிள் பஃபரில் மெர்காப்டோ எத்தனாலோ டிடிடியோ ஒரு துளிகூட இருக்கக் கூடாது. அவை ஹீமின் பெராக்சிடேஸ் வேலையைக் கெடுத்துவிடும். இந்தச் சோதனை தோற்கும் பத்தில் ஒன்பது இடங்களில் பழைய சாம்பிள் பஃபர்தான் காரணம். பக்கத்து லேனில் டிடிடி இருந்தாலும் பரவி வரும் என்பதால் ஜெல் முழுவதுமே சுத்தமாக இருக்க வேண்டும். 70 டிகிரியில் 5 நிமிடம் போதும். ஒரு லேனில் குதிரை இதய சைட்டோகுரோம் சி 1 மைக்ரோகிராம் வையுங்கள், அது 12.4 கிலோடால்டனில் ஓடும். இன்னொன்றில் மயோகுளோபின். அதன் ஹீம் பிணைக்கப்படாதது. அது பளிச்சென்று சாயம் பிடித்தால் உங்கள் ஜெல்லில் ஒட்டாத ஹீமும் தங்குகிறது, மற்றப் பட்டைகளையும் நம்ப முடியாது.

ஜெல் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாயத்தைத் தயார் செய்யுங்கள். டெட்ராமெத்தில் பென்சிடின் 45 மிகியை 30 மிலி மெத்தனாலில் கரைத்து, சோடியம் அசிட்டேட் 0.25 மோலார் பிஹெச் 5 கரைசல் 70 மிலியோடு சேர்க்க வேண்டும். வரிசை முக்கியம், மெத்தனாலில் முழுவதும் கரையாமல் பஃபரை ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்துவிடும். ஜெல்லை இதில் போட்டு இருட்டில் ஒரு மணி நேரம் ஆட்டுங்கள். பிறகு 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 0.3 மிலி. மூன்று நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் நீலப்பச்சைப் பட்டைகள் எழும். எழுந்ததும் படம் எடுத்துவிடுங்கள், மங்கிவிடும். பின்னணி நீலமானால் ஐசோப்ரோப்பனால் மூன்று பங்கு, அதே அசிட்டேட் ஏழு பங்கு கலந்து கழுவுங்கள். வெக்கையில் வெளியே கிடந்த பெராக்சைடு வலு இழந்திருக்கும். குதிரை லேனிலும் பட்டை வராவிட்டால் முதலில் அந்த பாட்டிலைச் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது பிரிடின் ஹீமோக்ரோம். எத்தனை ஹீம், எத்தனை பிணைப்பு என்று எண்ணிச் சொல்வது இதுதான். 10 மிலி கரைசலுக்குப் பிரிடின் 4 மிலி, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 2 மிலி, 0.1 மோலார் பொட்டாசியம் ஃபெரிசயனைடு 50 மைக்ரோலிட்டர், மீதி தண்ணீர். ஃபியூம் ஹூட்டுக்குள் மட்டும். பிரிடின் தீப்பிடிக்கும், நாற்றம் மாடி முழுக்கப் பரவும். மாதிரி அரை மிலி, கரைசல் அரை மிலி சேர்த்து 500 முதல் 600 நானோமீட்டர் வரை ஒரு ஸ்கேன். பிறகு சோடியம் டைதயோனைட் 2 முதல் 5 மிகி தூவி உடனே மறு ஸ்கேன். குவெட் கண்ணாடியாகவோ குவார்ட்ஸாகவோ இருக்கட்டும். பிளாஸ்டிக் குவெட் பிரிடினில் மங்கிப் போகும்.

உச்சி 550இல் நின்றால் இரண்டு தயோஈத்தர் பிணைப்பும் போட்ட ஹீம். 1925இல் டேவிட் கெய்லின் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பில் பார்த்து சி என்று பெயரிட்ட பட்டையும் இந்த இடத்தில்தான். 553 என்றால் ஒரே பிணைப்பு. 556, 557 என்றால் ஒட்டாத பி-வகை ஹீம். 550 வகையும் 556 வகையும் கலந்திருந்தால் உச்சி அகன்று 552 பக்கம் நிற்கும், அதை ஒற்றைப் பிணைப்பு என்று தவறாகப் படித்துவிடக் கூடாது. அசிட்டோன் சோதனையில் அடியில் தங்கிய புரதத்தைக் கரைத்து மறுபடி எடுத்தால் சந்தேகம் தீரும். அளவுக்கு 550இல் ஒளி உறிஞ்சும் கெழுவைச் சுமார் 30 என்று வையுங்கள், ஒரு மில்லிமோலாருக்கு, ஒரு சென்டிமீட்டருக்கு. 0.15 வந்தால் குவெட்டில் 5 மைக்ரோமோலார், மாதிரியில் 10. ஒற்றை ஹீம் கொண்ட 12.4 கிலோடால்டன் புரதமாக இருந்தால் மில்லிக்கு 0.124 மிகி.

டைதயோனைட்தான் இந்தக் கரையோரத்தில் பெரிய தலைவலி. ஈரக்காற்று பட்டால் கட்டியாகி, வேலை செய்வதை நிறுத்திவிடும். புது டப்பா வந்த அன்றே 1 கிராம் 1 கிராமாகச் சிறு குப்பிகளில் அடைத்து, சிலிக்கா ஜெல்லோடு டெசிகேட்டரில் வையுங்கள். ஒன்றைத் திறந்தால் அந்த வாரமே தீர்த்துவிடுங்கள். குதிரை சைட்டோகுரோமில் ஒரு சிட்டிகை போட்டால் பழுப்புச் சிவப்பு நொடியில் ரோஜா நிறமாக வேண்டும். மாறாவிட்டால் குப்பியை மாற்றுங்கள். அமிலத்தோடு சேர்த்துவிடாதீர்கள், கந்தக டையாக்சைடு வரும்.

எங்கே பழுது

ஜெல்லில் 18லும் ஒன்றுமில்லை, உங்கள் புரதமும் இல்லை என்றால் பிஇசி86 போய்விட்டது, அல்லது ஹீமே போதவில்லை. குளோராம்ஃபெனிகாலைப் புதிதாகச் செய்து, புது காலனியிலிருந்து தொடங்குங்கள்.

18 கிலோடால்டன் பட்டை பளிச்சென்று இருக்கிறது, புரதத்தைக் காணோம் என்றால் ஹிஸ்டிடின் வாலுக்கான ஆன்டிபாடியால் பார்க்க வேண்டும். கணக்கிட்ட எடையைவிட 2 கிலோடால்டன் கூடுதலாகப் பட்டை வந்தால் சிக்னல் வெட்டுப்படாமல் சைட்டோபிளாசத்திலேயே சிக்கியிருக்கிறது. ஐபிடிஜியைக் குறையுங்கள், 25 டிகிரிக்கு இறக்குங்கள். சரியான எடையில் வந்தும் சாயம் பிடிக்கவில்லை என்றால் சிஸ்டீன்கள் பூட்டிக்கொண்டிருக்கலாம். வளர்ப்பில் சிஸ்டீன் 1 மில்லிமோலார் சேர்த்த ஒரு பிளாஸ்கை ஒப்பிட்டுப் பாருங்கள். டிஎஸ்பி-டி இல்லாத செல்லில்கூட வெளியிலிருந்து சிஸ்டீன் போன்ற தயால் கொடுத்தால் ஓரளவு ஹீம் ஏறும். ஆன்டிபாடியிலும் ஒன்றுமே இல்லையா? புரோட்டியேஸ் தின்றுவிட்டது, அல்லது பிளாஸ்மிட்டில் ஃபிரேம் தவறியிருக்கிறது. சீக்வென்ஸ் பார்ப்பதுதான் மலிவு.

553 உச்சி வந்தால் மரபணுவைத்தான் பார்க்க வேண்டும். பிசிஆரில் ஒரு சிஸ்டீன் மாறியிருக்கும். புரதமே ஒற்றைச் சிஸ்டீன் வகையாக இருந்தால் வேறு விஷயம். டிரிப்பனோசோம், யூக்ளினா மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் சி-யில் ஒரே சிஸ்டீன்தான், அவற்றில் மேலே சொன்ன மூன்று அமைப்பும் கிடையாது.

பல ஹீம் புரதத்தில் ஒரு பட்டைக்குக் கீழே ஏணிப்படிபோலச் சிறு பட்டைகள் வந்தால், சில ஹீம்கள் ஏறாமல் மடிப்பு தளர்ந்து வெட்டுப்பட்டிருக்கிறது. இரவு வளர்ப்பை 30இலிருந்து 25 டிகிரிக்குக் கொண்டுபோய், நேரத்தை 24 மணிக்கு நீட்டுவது பெரும்பாலும் உதவும்.

இறுதி உறுதி மாஸ் ஸ்பெக்ட்ரம். புதுச்சேரியில் கருவிக்கு முறை கிடைக்காவிட்டால் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மாதிரியை 20 மில்லிமோலார் அம்மோனியம் அசிட்டேட்டுக்கு மாற்றுங்கள். உப்பும் கிளிசராலும் இருந்தால் சிக்னல் வராது. சித்திரை வெயிலில் ஈசிஆர் பஸ்ஸில் போகும் பார்சலுக்கு ஐஸ்பேக் இரண்டு மடங்கு வையுங்கள். சிக்னல் பெப்டைட் நீங்கிய புரதத்தின் எடையோடு ஒரு ஹீமுக்குச் சுமார் 616 டால்டன் கூட்டிக் கணக்கு எழுதி உடன் அனுப்புங்கள். அந்த 616 கூடாமல், கணக்கைவிட 2 டால்டன் குறைவாக வந்தால், ஹைட்ரஜன் இரண்டை இழந்து சிஸ்டீன்கள் டைசல்ஃபைடாகப் பூட்டிய வெறும் புரதம்தான் கையில் இருக்கிறது. சிசிஎம்-ஜி, ஹெச் பக்கம் தேடுங்கள்.